எட்டுக் கட்டில்களைப் பார்த்த அக்கா

படம் எப்படி இருந்தது என்று அக்காவிடம் கேட்டால், நல்லாயிருந்தது என்றோ நல்லாயில்லை என்றோ பதில் வராது. "அந்தக் கல்யாண மண்டபத்துல சமையல் பண்ணாரே ஒருத்தரு, அவரு பாவம்" என்று ஆரம்பிப்பார். நாமும் அதே படத்தைத்தான் பார்த்திருப்போம். அதில் சமையல்காரர் ஒருவர் வந்தார் என்பதே நமக்கு ஞாபகம் இருக்காது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஐந்து வருடம் நாங்கள் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். சிதம்பரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப். அக்கா ரத்தம் எடுப்பார். நான் ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தாளில் அடித்துக் கொடுப்பேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம், கட்டிக்கொடுத்தது கடலூரில். வீட்டுக்காரர் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை அது ஊர் முழுக்கச் சுற்றி வந்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்ப்பார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அதைச் சொல்வார். முதுநகர் தாண்டும்போது கதை தொடங்கும். குடிகாடு வந்ததும் கெமிக்கல் கம்பெனி வாடைக்கு ஜன்னல்களை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம், அக்காவும் கதையை நிறுத்திவிடுவார். அந்த வாடை விலகியதும் விட்ட வார்த்தையிலிருந்து பிடிப்பார். முன் சீட்டுக்காரர்கள் கழுத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் போட்டு முடித்துவிட்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பொண்ணு தாலி கட்டுற நேரத்துல மண்டபத்த விட்டு ஓடிடுச்சு. ஹீரோ பைக்ல தூக்கிகினு போயிட்டாரு. சரி, அது அவுங்க இஷ்டம். ஆனா பின்னாடி கதவு கிட்ட சமையல்காரரு ஒருத்தரு கரண்டிய கையில வச்சிகினு நின்னாரு பாருங்க. சாம்பாரு எறக்கியாச்சு. எல போட்டாச்சு. பந்திய ஆரம்பிக்கிறதா வேணாமான்னு யார்கிட்ட கேக்குறது? அந்த மொகம் எனக்கு மறக்கவே இல்ல."

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்பார் கண்டக்டர்.

"இன்டர்வெல் விட்டாச்சு அண்ணே. மீதிய நீங்க போயி பாருங்க."

இடைவேளைக்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கெஞ்சினாலும் சொல்ல மாட்டார்.

லேப்பிலும் சினிமாதான். ஊசியைக் கண்டாலே வெளிறிப்போகிறவர்கள் தினம் நாலு பேராவது வருவார்கள். அவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "கடைசியா என்ன படம் பாத்தீங்க?" என்று கேட்பார். அவர்கள் யோசித்து, ஞாபகப்படுத்தி, பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு நாள் ஒரு விவசாயி வந்தார், அக்காவின் ஊர்ப் பக்கத்துக்காரர். "நான் சினிமா கொட்டாய்க்குப் போயி முப்பது வருஷம் இருக்கும்மா" என்றார். ஆனாலும் அந்தக் கடைசிப் படத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரத்தம் எடுத்தாகிவிட்டது, பஞ்சு வைத்தாகிவிட்டது, வெளியே பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா அவர் கையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே முணுமுணுப்பு கிளம்பியது. அதற்கும் அசையவில்லை. அவர் சொல்லி முடித்து எழுந்து போனபின், "அவரு கதய சொல்லவே இல்ல பாத்தியா? அந்தக் கொட்டாயில பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்கன்னுதான் சொன்னாரு" என்றார் என்னிடம்.

அவரோடு படத்துக்குப் போவது அத்தனை சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு துரத்தல் காட்சியில் ஜீப் போய்த் தர்பூசணி வண்டியில் மோதும். தியேட்டரே கத்தும். எனக்கு மட்டும் பக்கத்திலிருந்து "ச்சூ" என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஜீப்பை என்னால் பார்க்க முடியாது, சாலையில் சிதறிக் கிடக்கும் பழத்தைத்தான் பார்ப்பேன். ஒரு தடவை எரிச்சலில், "அக்கா, இது சும்மா படம்க்கா. அந்த வண்டிக்காரருக்கு சம்பளம் குடுத்துத்தான் நிக்க வச்சிருப்பாங்க" என்றேன்.

"படம்தான். நான் இல்லன்னு சொன்னனா? கண்ணுல பட்டுச்சு, சொல்றேன்" என்றார்.

கண்ணில் பட்டதைச் சொன்னதற்காகத்தான் அவருக்கு ஒரு பொங்கலில் வம்பு வந்தது.

பொங்கலுக்குப் பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை லேப் ஒரு மணிக்கு மூடியதும் நானும் அக்காவும் சிதம்பரத்திலேயே மேட்னிக்குப் போனோம். படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் ரசிகர்கள் கூட்டம், மேளம், பேப்பர் துகள். நடுவில் ஒருவர் மைக்கை நீட்டி ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யூடியூபில் சேனல் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர். கூட இன்னொருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மைக் முதலில் என்னிடம் வந்தது. எனக்குத் தலைவலி. பாதிப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். "சூப்பர்! மாஸ்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் விசிலடித்தது.

அடுத்தது அக்கா. யோசித்தார்.

"சொல்லுங்கக்கா, சீக்கிரம்."

"ஹீரோ நல்லா பண்ணிருக்காரு. தங்கச்சி செத்துப்போனதும், சோத்தப் பெசஞ்சிகினே சாப்புடாம உக்காந்திருந்தாரு பாருங்க, எனக்கு அழுக வந்துடுச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள சண்ட வருதே, அந்த வார்டுல எட்டு பெட்டு. எண்ணுனேன். எட்டுலயும் ஆளு படுத்திருக்காங்க. குளுக்கோஸ் ஸ்டாண்ட புடுங்கி அடிக்கிறாரு. அது யாருக்கோ ஏறிகினு இருந்த குளுக்கோஸ். கண்ணாடியெல்லாம் ஒடஞ்சு பெட்டு மேல கொட்டுது. அந்த எட்டு பேரு என்ன ஆனாங்கன்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஹீரோவும் பாக்கல, போலீஸும் பாக்கல. அதுக்கப்புறம் எனக்குக் கத ஏறல."

நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே வீடியோ வந்தது. ஹீரோ நன்றாகச் செய்திருக்கிறார், அழுகை வந்தது என்ற பகுதியை வெட்டியிருந்தார்கள். பெட்டு மட்டும் இருந்தது. தலைப்பு, 'மாஸ் படத்துக்கு வந்து பெட் எண்ணிய அக்கா'. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. அக்காவின் முகத்தை வெட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டினார்கள். கட்டில் கடை விளம்பரத்தில் ஒட்டினார்கள். எந்த ஊரிலோ இருக்கிறவர்களெல்லாம் 'பெட்டு அக்கா' என்று எழுதினார்கள். அதற்கு மேலும் எழுதினார்கள், அதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதே வீடியோவின் தொடக்கத்தில் என் கட்டைவிரல் இருந்தது. என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையிலிருந்து நேராகப் போயிருந்ததால் அக்காவின் கழுத்தில் லேப்பின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் லேப்பின் பெயரும் அவர் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. திங்கட்கிழமை காலை பார்த்தால் எங்கள் லேப்புக்கு இணையத்தில் ஒற்றை ஸ்டார் மதிப்பீடாக வந்து விழுந்திருந்தது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போட்டிருந்தார்கள். 'ரத்தம் எடுக்காமல் பெட் எண்ணுகிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். படம் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நிற்காமல் முன்னால் போய்விட்டார். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் போனைப் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக வந்தார்கள்.

"வீட்ல பொண்ணு பேச மாட்டேங்குது" என்றார் அக்கா, புதுச்சத்திரம் தாண்டியபிறகு.

மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வீடியோ ஞாயிற்றுக்கிழமையே அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய போனுக்கும் போயிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒனக்கு ஏம்மா வாய சும்மா வச்சிகினு இருக்க முடியல?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர், "அது கேக்குறதும் நாயந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

"உனக்குக் கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான்.

"தெரியல" என்றார்.

அன்று காலை முதல் ஆளுக்கே அவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தினார். அந்த ஐந்து வருடத்தில் அவர் இரண்டாவது தடவை குத்தி நான் பார்த்தது அன்றுதான். வந்திருந்த அம்மாவிடம் "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடுத்தார்.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். நான் ரிசல்ட் தாளோடு அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ரெண்டே வரிம்மா. யாரு மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்கன்னு ஒரு வீடியோ போட்டுடு. எல்லாம் அடங்கிடும்."

"என்ன தப்புக்கு சார்?"

"தப்புன்னு யாரு சொன்னா? சும்மா ஒரு சாரி. கடைய நடத்தணும் இல்ல?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அக்கா சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க. நான் அந்தப் படத்த இன்னொரு வாட்டி பாத்துட்டு வரேன். நான் பாத்தது தப்புன்னா, தப்புன்னு நானே சொல்றேன். சரியா பாத்திருந்தா எப்படி சார் சாரி சொல்றது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். "அதுவரைக்கும் நீ உள்ள ரூம்ல டியூப் பிரிக்கிற வேலய பாரு" என்றார். அக்காவின் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணை உட்கார வைத்தார்கள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்கா மேட்னிக்குக் கிளம்பினார். நானும் லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். "நீ எதுக்கு?" என்றார். "சும்மாதான்" என்றேன். அவரைத் தனியாக அனுப்ப எனக்குத் தெம்பில்லை. அதைவிட, அந்தக் கட்டைவிரல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். "பெட்டு அக்கா வந்துடுச்சு டோய்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. விசில், சிரிப்பு. ஒருவன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தான். அக்கா சீட்டு நம்பரைப் பார்த்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் புடவை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். படம் தொடங்கியபின் சத்தம் அடங்கியது.

இடைவேளை வெளிச்சத்தில் என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அக்கா, எனக்கும் படம் புடிக்கலக்கா. அன்னிக்குப் பயத்துல சூப்பர்னு சொல்லிட்டேன். நானும் உண்மைய சொல்லியிருந்தா உன்ன மட்டும் தனியா புடிச்சிருக்க மாட்டாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்டி. வாங்குன பாப்கார்ன அப்படியே மடியில வச்சிகினு இருந்த. படம் புடிச்சா நீ அத அஞ்சு நிமிஷத்துல காலி பண்ணிடுவ" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "போயி டீ வாங்கிகினு வா" என்றார். அதோடு சரி. அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

ஆஸ்பத்திரிச் சண்டை வந்தது. ஹீரோ குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கினார். திடீரென்று அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தன. படம் விட்டதும், "பாத்தியா?" என்றார்.

"என்னக்கா?"

"எடது பக்கம், மூலையில. பச்ச சட்ட போட்ட வார்டு பாய் ஒருத்தரு. ஒரு பெட்ட இழுத்துகினு கதவு பக்கம் போறாரு. அதுல ஒரு வயசான அம்மா படுத்திருக்காங்க. நான் அன்னிக்குப் பாக்கவே இல்ல."

"நான் ஹீரோவப் பாத்துகினு இருந்தேன்க்கா."

"கண்ண மூடித் தொறக்குற நேரம்தான் வருது. நெசமா இழுக்குறாரா, இல்ல பெட்டு தானா நவுந்துச்சா, எனக்கே நிச்சயமா தெரியல."

நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மூன்றாவது தடவை பார்க்கப் போனார். அங்கே திரை பெரியது. அந்த நடிகரின் ரசிகர்களிலேயே எத்தனை பேர் அந்தப் படத்தை ஒன்பது நாளுக்குள் மூன்று தடவை பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்தத் தடவை வீட்டுக்காரர் மகளை வற்புறுத்திக் கூட அனுப்பி வைத்திருந்தார். மகள் ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்தாளாம். சண்டை வருவதற்கு முன் அக்கா அவளிடம், "எடது கை பக்கம் மூலைய மட்டும் பாரும்மா. ஒன் கண்ணு என் கண்ணவிட நல்லாருக்கும். என்ன பாத்தியோ அத சொல்லு போதும்" என்றிருக்கிறார்.

காட்சி முடிந்ததும் மகள் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்து வந்து, "ஆமாம்மா. அவரு ரெண்டு கையாலயும் புடிச்சி இழுக்குறாரு. அந்தப் பாட்டி அவரு சட்டயப் புடிச்சிகினு இருக்காங்க" என்றாளாம். சட்டையைப் பிடித்திருந்ததை அக்கா மூன்று தடவையிலும் பார்க்கவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது, மகள் பேசினாள் என்பதைவிட மகள் தன்னைவிட ஒன்று அதிகம் பார்த்துவிட்டாள் என்பதில்தான் அவருக்குச் சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த சேனல்காரரை அக்கா லேப் வாசலுக்கு வரச் சொன்னார். மன்னிப்பு வீடியோ என்று நினைத்து அவர் உற்சாகமாக மைக்கோடு வந்தார். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அக்கா இந்தத் தடவை அடையாள அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றார்.

"அன்னிக்கு தியேட்டர் வாசல்ல நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். அந்த வார்டுல எட்டு பேர ஒருத்தரும் திரும்பிப் பாக்கலன்னு சொன்னேன். அது தப்பு. மறுபடியும் ரெண்டு வாட்டி பாத்தேன். ஒருத்தரு பாத்திருக்காரு. பச்ச சட்ட போட்ட வார்டு பாய். எடது பக்கம் மூலையில வயசான ஒரு அம்மாவ பெட்டோட இழுத்துகினு போயி காப்பாத்துறாரு. நான் கவனிக்காம பேசிட்டேன். அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறேன். மத்த ஏழு பெட்டுக்கு நான் சொன்னது சொன்னதுதான்."

சேனல்காரர் மைக்கை இறக்காமல் நின்றார். "அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான். இத வெட்டாம போடுங்க தம்பி. வெட்டுறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

உள்ளே வந்ததும் முதலாளி, "இதுக்குப் பேரு மன்னிப்பாம்மா?" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் வேறெதுவும் சொல்லுவதற்குள் வெளியே ஒரு சத்தம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், அவருக்கு நரம்பு அகப்படுவதே கஷ்டம், புதுப் பெண்ணிடம் கையைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா எங்க? அவுங்க வரட்டும். நான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றார். ஒரு வாரமாகவே இந்த மாதிரிப் பேச்சு வந்துகொண்டிருந்தது. முதலாளி அக்காவைப் பார்த்துக் கையை மட்டும் வாசல் பக்கம் காட்டினார். அக்கா போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார்.

அந்த இரண்டாவது வீடியோவை முதல் வீடியோ அளவுக்கு யாரும் பார்க்கவில்லை. இன்னும் நாலு நாள் கிண்டல் ஓடியது. பிறகு வேறொரு ஊரில் வேறொருவர் வேறொரு படத்தைப் பற்றி ஏதோ சொன்னார், கூட்டம் அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா மறுபடியும் பஸ்ஸில் படம் சொல்ல ஆரம்பித்தார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. சேனல்காரரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருந்தார்கள். தெரியாத நம்பர் என்றாலே திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குப் பயம். அக்கா சோற்றுக் கையோடு இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வணக்கம்க்கா. சென்னையிலேந்து பேசுறேன். அந்தப் பச்ச சட்ட நான்தாங்க."

அக்கா டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்தார். "தம்பி, நீங்களா!"

"ஆமாக்கா. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டா இருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு. யாரோ உங்க வீடியோவ அனுப்புனாங்க."

"அந்தப் பெட்ட இழுக்கச் சொல்லி ஒங்களுக்குச் சொன்னாங்களா தம்பி?"

"இல்லக்கா. சண்ட ஆரம்பிச்சதும் எங்கள எல்லாம் கத்திகினு வெளிய ஓடச் சொன்னாங்க. அந்தம்மாவும் எங்கள மாதிரி நடிக்க வந்தவங்கதான். கண்ணாடி ஒடையிற சத்தம் கேட்டதும் நெசமாவே பயந்துட்டாங்க. என் சட்டயப் புடிச்சிகினாங்க, விடவே இல்ல. அப்புறம் எப்படிக்கா நான் மட்டும் ஓடுறது? பெட்டோட இழுத்துகினு போயிட்டேன்."

"திட்டலையா ஒங்கள?"

"திட்டுனாங்க. மறுபடியும் எடுத்தாங்க. ரெண்டாவது வாட்டி நான் ஒழுங்கா ஓடிட்டேன். அதான் வந்திருக்கும்னு நெனச்சேன்."

"படம் பாக்கலையா நீங்க?"



"பாத்தேன்க்கா. மொத நாளே பாத்தேன். தியேட்டர்ல எல்லாரும் ஹீரோவப் பாத்து கத்துறாங்க. நானும் ஹீரோவயே பாத்துகினு இருந்துட்டேன். என்ன நானே பாக்கல."

அக்கா கையைக் கழுவவில்லை. சோறு விரலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம போயி மறுபடியும் பாருங்க. இன்டர்வெல் முடிஞ்சி அர மணி நேரத்துல வரும். ஹீரோ ஸ்டாண்ட புடுங்குவாரு, அப்ப அவர விட்டுட்டு எடது பக்கம் மூலைய பாருங்க. வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம், ஒரு பொண்ணு. ரெண்டாவது படிக்குது."

"அவுங்களயும் கூட்டிகினு போங்க. எங்க பாக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் போனில் ஒரு போட்டோ வந்தது. தியேட்டர் வாசலில் ஒல்லியான ஒரு மனிதர், மனைவி, அவர்களுக்கு முன்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண். பின்னால் ஹீரோவின் பெரிய பேனர். அந்தப் பெண் இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

'அக்கா, பாத்துட்டோம். நான் வந்தப்ப என் பொண்ணு விசில் அடிச்சா. தியேட்டரே எங்களத் திரும்பிப் பாத்துச்சு.'